புல் மட்டும் போதுமா? குதிரைத் தீவனத்தில் உயிர்ச்சத்துகளும் நுண்தாதுக்களும்

பரந்த மேய்ச்சல் நிலத்தில் நாளின் பெரும்பகுதியை மேய்ந்தே கழிக்கும்படி உருவான குதிரையை லாயத்தில் கட்டி, காய்ந்த புல்லும் தானியமும் கொடுத்து வளர்க்கும்போது, அந்தத் தீவனத்தில் குறைந்துபோகும் நுண்சத்துகளைத் தனியே சேர்த்துக் கொடுக்க வேண்டுமா என்ற கேள்விக்கு, ஏறக்குறைய நூறாண்டுகளாக ஒன்றுக்கொன்று முரண்பட்ட விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. நல்ல புல் கிடைத்தால் வேறெதுவும் வேண்டாம் என்போர் ஒருபுறமும், மண்ணுக்கு மண் குறை வேறுபடுவதால் இடத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்போர் மறுபுறமும் நிற்க, குறை தோன்றும் வரை காத்திராமல் எல்லாவற்றையும் முன்கூட்டியே சேர்த்துவிடுவதே பாதுகாப்பு என்று கருதுவோர் இன்று எண்ணிக்கையில் மிகுந்திருக்கின்றனர். இந்நிலைப்பாடுகள் ஒவ்வொன்றும் எந்தச் சத்தை, எந்தத் தீவனத்தை மனத்தில் கொண்டு பேசுகிறது என்பதைப் பிரித்துப் பார்க்காதவரை விவாதம் முன்னேறுவதில்லை என்பதையே இத்துறையின் வரலாறு காட்டுகிறது.

உயிர்ச்சத்து என்பது உடலியக்கத்துக்கு மிகச் சிறு அளவில் தேவைப்படுவதும், உடல் தானே போதிய அளவில் ஆக்கிக்கொள்ள இயலாததுமான கரிமச் சேர்மமாகும். செம்பு, துத்தநாகம், மாங்கனீஸ், இரும்பு, அயோடின், செலினியம், கோபால்ட் முதலிய தனிமங்கள், தீவனத்தில் கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கில் மட்டுமே வேண்டப்படுவதால் நுண்தாதுக்கள் எனப்படுகின்றன. கிராம் கணக்கில் வேண்டப்படும் கால்சியமும் பாஸ்பரசும் இக்கட்டுரையின் எல்லைக்குள் வாரா. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2007இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, கடும் வேலையில்லாத, 500 கிலோ எடையுள்ள வளர்ந்த குதிரைக்கு நாளொன்றுக்குத் துத்தநாகம் 400 மில்லிகிராம், செம்பு 100 மில்லிகிராம், அயோடின் 3.5 மில்லிகிராம், செலினியம் 1 மில்லிகிராம், கோபால்ட் அரை மில்லிகிராம் போதும். அத்தகைய குதிரை நாளுக்குத் தின்னும் தீவனம், ஈரம் நீக்கிக் கணக்கிட்டால் ஏறத்தாழ 10 கிலோ. அதில் ஒரு மில்லிகிராம் செலினியம் என்பது கோடியில் ஒரு பங்கு. இத்தனை நுண்ணிய அளவிலுள்ள ஒன்றின் குறையை வயற்காட்டிலோ லாயத்திலோ கண்ணால் கண்டறிய வழியில்லை என்பதே இவ்விவாதம் நீண்டதற்கு முதற்காரணம் எனலாம்.

எண்கள் வருவதற்கு முன்

குதிரை நலிவதற்குத் தீவனம் காரணமா, காலநிலை காரணமா என்ற வழக்கு உயிர்ச்சத்து என்னும் கருத்துக்கு மிக முந்தையது. அதன் பழைய பதிவுகளில் குறிப்பிடத்தக்கவை தமிழகக் கடற்கரையைப் பற்றியவை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் இறக்குமதியாயின என்றும், அவற்றுள் பெரும்பாலானவை விரைவில் மாண்டன என்றும் மார்க்கோ போலோவும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் எழுதியுள்ளனர். சோற்றையும் இறைச்சியையும் சேர்த்துச் சமைத்துக் குதிரைக்குக் கொடுத்தனர் என்கிறார் மார்க்கோ போலோ. வறுத்த பார்லியும், வெண்ணெயில் சமைத்த தானியமும், காய்ச்சிய பாலும் கொடுத்து, நாற்பது நாள் முளையில் கட்டிக் கொழுக்க வைத்தனர் என்கிறார் வஸ்ஸாஃப். இருவருமே தீவனத்தைக் குறை சொன்னாலும், மார்க்கோ போலோ நாட்டின் வெப்பத்தையும் மருத்துவம் தெரிந்தோர் இன்மையையும் சேர்த்தே சொல்கிறார்.

இன்றைய அறிவைக் கொண்டு நோக்கினால், பசும்புல் இல்லாத, மாவுச்சத்து மிகுந்த, வேகவைத்த தீவனம் குதிரைக் குடலுக்கு ஒவ்வாதது என்பதும், பச்சையிலையில் மிகுதியாக உள்ள ஈ உயிர்ச்சத்தும் ஏ உயிர்ச்சத்தின் மூலப்பொருளான கரோட்டினும் அதில் மிகக் குறைவாகவே இருந்திருக்கும் என்பதும் எளிதில் தோன்றும். எனினும் வஸ்ஸாஃப் பாரசீகத்திலிருந்து எழுதியவர். இருவரின் செய்தியும் குதிரை வணிகத்தின் வழியே வந்தது. குதிரைகள் எவ்வளவு காலம் வாழ்ந்தன, எந்த நோய்க்குறிகளோடு இறந்தன என்ற விவரம் அவற்றில் இல்லை. ஆகவே அச்சாவுகளை ஒரு குறிப்பிட்ட சத்துக் குறையோடு இணைப்பது சான்றை மீறியதாகும். உயிர்ச்சத்துக் குறை தோன்றச் சில மாதங்களேனும் பிடிக்கும் என்பதால், நாற்பது நாளில் நலிந்த குதிரைக்கு வயிற்றுவலியோ குளம்பழற்சியோ அதனினும் பொருத்தமான விளக்கமாகலாம்.

19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் எமில் வான் வோல்ஃப் உருவாக்கிய தீவன அட்டவணைகளும், பாரிஸ் நகர வாடகை வண்டி நிறுவனத்தின் குதிரைகளைக் கொண்டு லூயி கிராந்தோ நடத்திய செரிமானச் சோதனைகளும், உழைக்கும் குதிரைக்குத் தீவனம் அளப்பதை அறிவியலாக்கின. அவற்றில் புரதம், கொழுப்பு, மாவுச்சத்து, நார், சாம்பல் ஆகியவையே இடம்பெற்றன. தீவனத்தை எரித்தபின் எஞ்சும் தாதுக்கள் யாவும் சாம்பல் என்ற ஒரே தலைப்பில் அடங்கின. 1912இல் காசிமிர் ஃபங்க் உயிர்ச்சத்து என்னும் கருத்தை முன்வைத்த பின்னரும், ஆய்வுகள் எலியிலும் கோழியிலும் மாட்டிலும் நடந்த அளவுக்குக் குதிரையில் நடக்கவில்லை. டிராக்டரும் மோட்டார் வண்டியும் வந்து உழைப்புக் குதிரைக்குத் தேவை குறைந்த காலமும், ஊட்டச்சத்து அறிவியல் விரைந்து வளர்ந்த காலமும் ஒன்றாக அமைந்தன. அந்த இடைவெளியின் விளைவை இன்றும் அட்டவணைகளில் காண முடிகிறது.

புல்லே போதும் என்னும் நிலைப்பாடு

இந்நிலைப்பாடு வெறும் மரபு நம்பிக்கை அன்று. அதற்கு உடலியல் அடிப்படை உண்டு. குதிரை தன் கல்லீரலில் குளுக்கோசிலிருந்து சி உயிர்ச்சத்தைத் தானே ஆக்கிக்கொள்கிறது. அதன் பெருங்குடலிலும், அதன் தொடக்கத்தில் பை போல் பருத்திருக்கும் முட்டுக்குடலிலும் வாழும் நுண்ணுயிரிகள், நாரைச் சிதைத்து ஆற்றல் தருவதோடு பி தொகுதி உயிர்ச்சத்துகளையும் கே உயிர்ச்சத்தையும் உற்பத்தி செய்கின்றன. தீவனத்தில் இருந்ததைவிட மிகுதியான பி உயிர்ச்சத்துகள் குடலின் பின்பகுதியில் இருப்பதைக் கலிபோர்னியாவில் கேரலும் உடனாய்வாளர்களும் 1949இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கோபால்ட் குறைந்த நிலத்தில் ஆடும் மாடும் மெலிந்து நலியும்போது அதே நிலத்தில் மேயும் குதிரை நலமாக இருப்பதும், கோபால்ட்டைக் கொண்டு நுண்ணுயிரிகள் ஆக்கும் பி12 உயிர்ச்சத்து குதிரைக்கு மிகக் குறைந்த அளவிலேயே வெளியிலிருந்து தேவைப்படுவதைச் சுட்டுகிறது. ஏ உயிர்ச்சத்தோ கல்லீரலில் சேமிக்கப்படுவது. சில வாரங்கள் பசும்புல் மேய்ந்த குதிரை, அச்சேமிப்பைக் கொண்டு பல மாதங்களைக் கடக்க வல்லது.

ஆனால் இவ்வாதம் பசும்புல்லைப் பற்றியது. வழக்கத்திலோ அது காய்ந்த புல்லுக்கும் சேர்த்தே சொல்லப்படுகிறது. அறுத்த புல் வெயிலில் உலரும்போதே ஈ உயிர்ச்சத்தின் பெரும்பகுதி சிதைகிறது. கிடங்கில் கழியும் ஒவ்வொரு மாதமும் மேலும் குறைகிறது. தானியத்திலும் அது சொற்பமே. குதிரையால் இச்சத்தை ஆக்கிக்கொள்ள முடியாது. குடல் நுண்ணுயிரிகளும் அதைத் தருவதில்லை. எனினும் ஆண்டுக்கணக்கில் பசும்புல்லைக் காணாத குதிரைக்கு என்ன நேரும் என்ற கேள்வி நெடுங்காலம் கேட்கப்படாமலே இருந்தது.

அதற்கான விடை 1990இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ஜான் கம்மிங்ஸும் உடனாய்வாளர்களும் விவரித்த இயக்க நரம்பணு நோயில், தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் தண்டுவடத்திலும் மூளைத்தண்டிலும் அழிகின்றன. நன்றாகத் தின்றும் குதிரை மெலிகிறது, உடல் நடுங்குகிறது, நான்கு கால்களையும் வயிற்றுக்கடியில் ஒடுக்கி, தலையைத் தாழ்த்தி, எடையைக் கால் மாற்றிக் கால் வைத்து நிற்கிறது. உடலைத் தாங்கி நிறுத்தும் தசை இழைகளே முதலில் தேய்வதால், நடப்பதைவிட நிற்பதே அதற்குக் கடினமாகிறது. விழித்திரையிலும் பழுப்பு நிறப் படிவு தோன்றுகிறது. பாதிக்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை, ஓராண்டுக்கு மேலாகப் பசும்புல் இல்லாமல் தரங்குறைந்த உலர்புல்லில் வளர்க்கப்பட்டவை. இரத்தத்தில் ஈ உயிர்ச்சத்து மிகக் குறைந்திருந்தது. பின்னர் இச்சத்தை நீக்கிய தீவனத்தை நீண்டகாலம் கொடுத்து நோயைச் சோதனை முறையிலும் உண்டாக்க முடிந்தது. குதிரைத் தீவன ஆய்வில் ஒரு சத்தின் குறைக்கும் ஒரு நோய்க்கும் இடையே இவ்வளவு தெளிவான தொடர்பு நிறுவப்பட்ட இடங்கள் மிகச் சில. ஆயினும் ஒரே லாயத்தில் ஒரே தீவனம் தின்ற குதிரைகளுள் சில மட்டுமே நோயுறுவது ஏன் என்பது தெளிவாகவில்லை. குட்டிப் பருவத்தில் தண்டுவடத்தைத் தாக்கும் மற்றொரு நரம்புச் சிதைவு நோயில் மரபுக்கூறும் ஈ உயிர்ச்சத்துக் குறையும் சேர்ந்து செயல்படுவதாகக் கருதப்படுவதால், இங்கும் அத்தகைய கூட்டு விளைவு இருக்கக்கூடும்.

டி உயிர்ச்சத்தைப் பற்றிய நிலை வேறு வகையில் சிக்கலானது. வெயில் பட்டால் தோல் அதை ஆக்கிக்கொள்ளும் என்பது பாடநூல்களில் நிலைபெற்ற கருத்து. நியூசிலாந்தில் அண்மையில் நடந்த ஆய்வுகளில், மேய்ச்சல் குதிரைகளின் இரத்தத்தில் தோல்வழி உண்டாகும் டி3 வடிவம் அறியத்தக்க அளவில் இல்லாமல், தாவரவழி வரும் டி2 வடிவமே காணப்பட்டது. மொத்த அளவும் பிற விலங்குகளை நோக்கக் குறைவு. என்றாலும் இயல்பான வளர்ப்புச் சூழலில் குதிரைக் குட்டிகளுக்கு எலும்பு மென்மை நோய் வருவது அரிது. மறுபுறம், டி உயிர்ச்சத்தின் வீரிய வடிவத்தை இயல்பாகவே கொண்ட பகல் மல்லிகை போன்ற செடிகளைத் தின்ற குதிரைகளின் இரத்தக்குழாய்களிலும் தசைநாண்களிலும் சுண்ணாம்பு படிந்ததை அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கண்டுள்ளனர். குறையால் நேரும் தீங்கு அரிதாகவும் மிகையால் நேரும் தீங்கு உறுதியாகவும் இருக்கும்போது, இச்சத்தைக் கலவைகளில் தாராளமாகச் சேர்க்கும் வழக்கத்துக்கு ஆதாரம் வலுவற்றது என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

மண்ணின் குறையும் மண்ணின் மிகுதியும்

தாவரத்திலுள்ள நுண்தாது மண்ணைப் பொறுத்தது என்பதால், புல் நல்ல புல்லாகவே இருந்தாலும் அதில் ஒரு தனிமம் இல்லாமல் போகலாம் என்பது இரண்டாம் நிலைப்பாடு. அயோடினும் செலினியமும் இதற்கு வலுவான சான்றுகள். அயோடின் குறைந்த பகுதிகளில் குட்டிகள் முன்கழுத்துக் கழலையோடும் தளர்ந்தும் பிறந்ததும், சினைக்குதிரைக்கு அயோடின் கொடுத்தபின் அது மறைந்ததும் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே அறியப்பட்டன. செலினியம் குறைந்த நியூசிலாந்து, ஸ்காண்டிநேவிய நாடுகள், அமெரிக்காவின் பேரேரிப் பகுதி, வடமேற்குக் கரை ஆகிய இடங்களில் குட்டிகளின் தசைகள் வெளிறிச் சிதையும் வெண்தசை நோய் காணப்பட்டது. செலினியமும் ஈ உயிர்ச்சத்தும் உயிரணுச் சவ்வை ஆக்சிஜனேற்றத்திலிருந்து காப்பதில் ஒன்றுக்கொன்று துணை நிற்பவை. பின்லாந்து, 1980களின் நடுப்பகுதியிலிருந்து நாடு முழுதும் விற்கும் உரத்திலேயே செலினியத்தைக் கலந்து, மண்வழியே இச்சிக்கலைத் தீர்க்க முயன்றது.

இந்நிலைப்பாட்டின் தனிச்சிறப்பு, அது குறையை மட்டும் அல்லாமல் மிகுதியையும் பேச வைத்ததாகும். 1850களில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாப் பகுதியிலிருந்த ராண்டால் கோட்டையில், படைக் குதிரைகளின் பிடரிமயிரும் வால்மயிரும் உதிர்ந்து குளம்புகள் வெடித்ததைப் படை மருத்துவர் மேடிசன் பதிவு செய்தார். நீரிலுள்ள காரத்தின் விளைவு என்று நம்பியதால் குடியேறிய உழவர்கள் அதைக் கார நோய் என்றனர். அப்பகுதி மண்ணிலிருந்து தாவரங்கள் உறிஞ்சிய செலினியமே காரணம் என்பது 1930களில்தான் நிறுவப்பட்டது. மயிரையும் குளம்பையும் ஆக்கும் கெரட்டின் புரதத்தின் உறுதி கந்தகப் பிணைப்புகளில் இருக்கிறது. செலினியம் மிகும்போது கந்தகத்தின் இடத்தில் அது புகுந்து அப்பிணைப்பைத் தளர்த்துவதால், குளம்பின் மேல்விளிம்புக்கு இணையாக வட்டமாக ஒரு பிளவு தோன்றி, முற்றினால் குளம்பே கழன்றுவிடுகிறது. மேற்குச் சீனத்தில் நச்சுச்செடி தின்ற விலங்குகளின் குளம்பு உதிர்ந்ததாக மார்க்கோ போலோ எழுதியதையும் செலினிய நச்சு எனப் பல நூல்கள் குறிப்பிடுகின்றன. அச்செடி எது என்பது உறுதிப்படாததால் அதை ஊகமாகவே கொள்வது நல்லது. இந்தியாவில் பஞ்சாபின் நவான்சகர், ஓசியார்பூர் வட்டாரங்களின் சில பகுதிகள் செலினியம் மிகுந்த மண்ணுக்குப் பெயர்பெற்றவை. அங்கு விளைந்த தீவனத்தைத் தின்ற கால்நடைகளில் குளம்பு, கொம்புச் சிதைவு காணப்பட்டுள்ளது.

அயோடினிலோ குறையும் மிகையும் ஒரே நோய்க்குறியைத் தருகின்றன. உலர்த்திய கடற்பாசியைத் தீவனத்தில் கலந்து தின்ற சினைக்குதிரைகள் கழலையோடு கூடிய குட்டிகளை ஈன்றதை பேக்கரும் லிண்ட்சேயும் 1968இல் வெளியிட்டனர். தாய்க்குதிரைகள் பெரும்பாலும் நலமாகவே தோன்றின. தாயின் தீவனத்திலுள்ள அயோடின் நஞ்சுக்கொடி வழியாகவும் பால் வழியாகவும் குட்டியிடம் செறிவதால், தாயைப் பார்த்து அளவைத் தீர்மானிக்க முடிவதில்லை. கழலையைக் கண்டு, குறை என்று எண்ணி மேலும் அயோடின் கொடுத்தால் நேரும் தீங்கைச் சொல்ல வேண்டியதில்லை.

மண்வழி நிலைப்பாட்டின் பலவீனம் நடைமுறையில் இருக்கிறது. முன்பு குதிரை தின்ற புல் அது நின்ற நிலத்தில் விளைந்தது. இன்று உலர்புல் ஒரு மாநிலத்திலும் ஓட்ஸ் மற்றொரு நாட்டிலும் விளைந்து லாயத்தை வந்தடைகின்றன. மண் வரைபடம் பரப்பின் சராசரியைச் சொல்லுமே தவிர, கட்டு கட்டாக வரும் புல்லில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது. தீவனத்தையே ஆய்வகத்துக்கு அனுப்பி அளப்பதுதான் தக்க வழி எனினும், ஒவ்வொரு முறை புல் மாறும்போதும் அதைச் செய்வோர் அரியர்.

செம்பும் குருத்தெலும்பும்

நுண்தாது விவாதங்களுள் மிக நீண்டதும், ஆய்வு முறைகளின் வலிமையையும் எல்லையையும் ஒருங்கே காட்டுவதும் செம்பைப் பற்றியது. விரைந்து வளரும் குட்டியின் மூட்டுகளில், குருத்தெலும்பு எலும்பாக மாறும் நிகழ்வு தடைபட்டு, சிறு துண்டுகள் பெயர்ந்து நொண்டல் உண்டாவதை ஆஸ்டியோகாண்ட்ரோசிஸ் என்பர். பந்தயக் குதிரைப் பண்ணைகளுக்கு இது பேரிழப்பு. குருத்தெலும்பில் உள்ள கொலாஜன் இழைகளைக் குறுக்கே பிணைக்கும் லைசில் ஆக்சிடேஸ் என்னும் நொதி செம்பின்றி இயங்காது என்பதால், செம்புக் குறையே இதற்குக் காரணமாகலாம் என்ற கருத்து 1980களில் வலுப்பெற்றது. பென்சில்வேனியாவில் துத்தநாக உருக்காலைக்கு அருகில் வளர்ந்த குட்டிகளில் கடுமையான குருத்தெலும்புச் சிதைவு இருந்ததாக 1982இல் வெளிவந்த ஆய்வும் அதற்குத் துணையாயிற்று. மிகுந்த துத்தநாகம் செம்பு உறிஞ்சலைத் தடுக்கும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம்.

ஒகையோ மாநிலத்தில் நைட்டும் உடனாய்வாளர்களும் 1990இல் வெளியிட்ட சோதனை இக்கருத்தின் உச்சம் எனலாம். சினைக்குதிரைகளுக்கும் அவற்றின் குட்டிகளுக்கும் தீவனத்தில் செம்பைப் பன்மடங்கு உயர்த்திக் கொடுத்தபோது, குட்டிகளின் மூட்டுகளில் காணப்பட்ட குருத்தெலும்புச் சிதைவுகள் கணிசமாகக் குறைந்தன. இதன்பின் வளர்குட்டித் தீவனங்களில் செம்பின் அளவு உலகெங்கும் உயர்ந்தது. ஆனால் தாய், குட்டி இரண்டுக்குமே செம்பு கொடுத்ததால், பயன் எதனால் வந்தது என்பதை அச்சோதனையால் பிரித்துச் சொல்ல இயலவில்லை.

அதைப் பிரித்தது நியூசிலாந்தின் மேசி பல்கலைக்கழகம். பியர்ஸும் உடனாய்வாளர்களும் 1998இல் வெளியிட்ட முடிவுகளின்படி, மேய்ச்சல் நிலத்தில் இருந்த தாய்க்குதிரைகளுக்குச் சினையின் பிற்பகுதியில் கொடுத்த செம்பு, குட்டியின் கல்லீரல் சேமிப்பை உயர்த்தி, எலும்பு வளர்தட்டின் அழற்சியைக் குறைத்தது. பிறந்தபின் குட்டிக்கே கொடுத்த செம்புக்கோ பயன் காணப்படவில்லை. பாலில் செம்பு குறைவு என்பதால், பிறக்கும்போது கல்லீரலில் சேர்ந்திருக்கும் இருப்பே முதல் மாதங்களுக்குக் குட்டியின் ஆதாரம் என்ற விளக்கம் இதனால் வலுப்பெற்றது. ஆயினும் அதே சோதனையில், செம்பு கொடுக்காத குட்டிகளிலும் மூட்டுச் சிதைவுகள் சொற்பமாகவே இருந்ததால், ஆஸ்டியோகாண்ட்ரோசிஸைப் பற்றி உறுதியாக எதையும் சொல்ல முடியவில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த வான் வீரனும் உடனாய்வாளர்களும் 2003இல் கேள்வியின் வடிவத்தையே மாற்றினர். பிறக்கும்போது கல்லீரலில் இருந்த செம்புக்கும் பின்னர்த் தோன்றிய சிதைவுகளின் எண்ணிக்கைக்கும் தொடர்பு இல்லை, ஆனால் செம்பு மிகுந்திருந்த குட்டிகளில், தோன்றிய சிதைவுகள் அடுத்த மாதங்களில் ஆறின, குறைந்திருந்தவற்றில் ஆறவில்லை. செம்பு நோயைத் தடுக்கும் என்ற தொடக்கக் கருத்து, அது ஆறும் திறனைத் தாங்குகிறது என்பதாகச் சுருங்கியது. பின்னர் நியூசிலாந்தில் தாய்க்குதிரைகளுக்கு ஊசிவழிச் செம்பு செலுத்திய சோதனையில் குட்டிகளிடம் வேறுபாடு காணப்படவில்லை.

இன்று மரபுக்கூறு, மிகையான மாவுச்சத்தால் விரையும் வளர்ச்சி, குட்டி ஓடியாடும் தரையின் தன்மை ஆகியவை முதன்மைக் காரணங்களாகக் கருதப்படுகின்றன; செம்பு அவற்றுள் ஒன்று மட்டுமே. ஒரே சத்தைக் கொண்டு ஒரு சிக்கலான நோயை விளக்க முனைந்த கால் நூற்றாண்டு முயற்சி, அச்சத்துக்கு உரிய இடத்தை முந்தியதினும் துல்லியமாகக் காட்டியது என்பதால் அதை வீண் எனக் கருதுவதற்கில்லை.

குளம்பும் பயோட்டினும்

பயோட்டின் பி தொகுதியைச் சேர்ந்தது. குடல் நுண்ணுயிரிகளே தருவது. ஆகவே குறை என்ற வாதத்துக்கு இங்கு இடமில்லை. தேவைக்கு மேல் கொடுத்தால் மருந்து போல் பயன் தருமா என்பதே கேள்வி. வியன்னாவின் லிப்பிசானர் குதிரைகளில், நாளுக்கு 20 மில்லிகிராம் பயோட்டின் பெற்றவற்றின் குளம்புத் தரம் ஏறக்குறைய ஒன்பது மாதங்களுக்குப் பின் மேம்பட்டதாக யோசெக்கும் உடனாய்வாளர்களும் 1995இல் வெளியிட்டனர். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகவே வளர்வதால், மேல்விளிம்பில் உண்டாகும் நல்ல கொம்புப்பொருள் தரையைத் தொட ஓராண்டளவு ஆகிறது; சில வாரங்களில் பலன் கிடைத்ததாகச் சொல்லப்படுவதை ஏற்க இயலாது. எல்லாக் குதிரைகளிலும் பலன் ஒன்றுபோல் இல்லை. நிறுத்தியபின் தரம் மீண்டும் சரிந்ததாகவும் கூறப்படுகிறது.

கூடுதல் என்றால் நன்மையா

குறை இருக்குமோ என்ற ஐயத்துக்குக் காப்பீடாக எல்லாவற்றையும் சேர்ப்பதே நல்லது என்பது மூன்றாம் நிலைப்பாடு. தீவனம் அளக்கப்படாத சூழலில் அது முற்றிலும் நியாயமற்றது அன்று. உலர்புல்லில் செம்பும் துத்தநாகமும் பரிந்துரைக்குக் கீழே இருப்பது பல நாடுகளில் இயல்பாகக் காணப்படுவதால், அளவான தாது உப்புக் கலவைக்கு இடம் உண்டு. இடர் தொடங்குவது ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கும்போது. அடர்தீவனத்தில் முன்பே செலினியம் இருக்க, தாதுக் கலவையிலும், தசைக்கான மருந்திலும், குளம்புக்கான பொடியிலும் அது மீண்டும் வருகிறது. தீவனத்தில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் போதும் எனப்படும் இச்சத்தின் தாங்கு வரம்பு 2 முதல் 5 மில்லிகிராம் வரை எனப் பல்வேறு காலத்துக் கையேடுகள் சொல்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் முழுத் தீவனத்தில் 0.5 மில்லிகிராமைச் சட்ட வரம்பாக வைத்துள்ளது. 2009 ஏப்ரலில் ஃபுளோரிடாவின் வெலிங்டனில் போட்டிக்கு அணியமாகிய 21 போலோ குதிரைகள் சில மணி நேரத்துக்குள் வீழ்ந்து இறந்தன; ஊசிவழிச் செலுத்திய சத்துக் கலவையில் செலினியம் பிழையான அளவில் சேர்ந்திருந்ததே காரணம் எனக் கண்டறியப்பட்டது. அக்குதிரைகளுள் எதுவும் செலினியக் குறையால் வருந்தியதாகச் செய்தி இல்லை.

இரும்பின் நிலையும் இத்தகையதே. புல்லிலும் அதில் ஒட்டும் மண்ணிலும் இரும்பு தேவைக்கு மேலாகவே உள்ளது. இரத்த இழப்போ கடும் குடற்புழுத் தொற்றோ இல்லாத வளர்ந்த குதிரைக்கு இரும்புக் குறை வருவது மிக அரிது. எனினும் பந்தயக் குதிரைகளுக்கு இரும்பு மருந்து கொடுக்கும் வழக்கம் நெடுநாளையது. பிறந்த உடனே இரும்பு கலந்த பசை மருந்து ஊட்டப்பட்ட குட்டிகள் கல்லீரல் சிதைந்து இறந்ததை 1980களில் அமெரிக்க ஆய்வுகள் பதிவு செய்தன. இரும்பு மிகுந்த நீரை ஆண்டுக்கணக்கில் குடித்த 21 குதிரைகளுக்கும் ஒரு கழுதைக்கும் கல்லீரல் நோய் உண்டானதை நெதர்லாந்து மருத்துவர்கள் 2019இல் வெளியிட்டனர். உடலிலிருந்து இரும்பை வெளியேற்றத் தனி வழி இல்லை என்பதால், மெல்ல மெல்லச் சேர்வதும் மீளாத் தீங்காகிறது. கோபால்ட் பந்தயத் திடல்களில் ஊக்கமருந்தாகவே பயன்படுத்தப்பட்டு, சிறுநீரில் அதற்கு வரம்பு விதிக்கும் நிலை வந்தது.

சத்துகளின் தனி அளவைவிட விகிதமே முக்கியம் எனும் கருத்தும், கரிமப் பொருளோடு பிணைத்த தாது எளிதில் உறிஞ்சப்படும் எனும் கருத்தும் இன்று பரவலாகப் பேசப்படுகின்றன. துத்தநாகமும் செம்பும் நான்குக்கு ஒன்று என இருக்க வேண்டும் என்பது அட்டவணை எண்களிலிருந்தே பிறந்த விகிதம். துத்தநாகத்தைப் பெரிதும் உயர்த்திய சில சோதனைகளில் செம்பு உறிஞ்சல் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. மாட்டின் முதல் இரைப்பையில் மாலிப்டினம் செம்பை முடக்குவது போன்ற நிகழ்வும் குதிரையில் அதே வலுவோடு நடப்பதாகத் தெரியவில்லை. கரிமத் தாதுக்களைப் பற்றிய முடிவுகள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. விலை வேறுபாட்டை நியாயப்படுத்தும் அளவுக்குப் பயன் ஒரே சீராகக் காட்டப்படவில்லை. ஈ உயிர்ச்சத்தில் மட்டும் வேறுபாடு தெளிவு: எட்டு வடிவங்களின் கலவையான செயற்கைப் பொருளைவிட இயற்கை வடிவம் இரத்த அளவை நன்கு உயர்த்துகிறது.

அளவிடும் சிக்கல்

இரத்தத்தைச் சோதித்துக் குறையை அறியலாமே என்ற எதிர்பார்ப்பு இயல்பானது. ஈ உயிர்ச்சத்துக்கும் செலினியத்துக்கும் அது ஓரளவு பொருந்துகிறது. செம்பின் இருப்பு கல்லீரலில் உள்ளது. அங்கு வற்றும் வரை இரத்த அளவு பெரிதாக மாறாது. அழற்சி இருந்தால் இரத்தச் செம்பு உயரும், துத்தநாகம் தாழும். இரண்டும் தீவனத்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை. மயிரைச் சோதித்து முழு உடலின் தாது நிலையைச் சொல்வதாகக் கூறும் முறைகள், தூசும் நிறமும் வியர்வையும் எண்ணை மாற்றுவதால் நம்பத்தக்கவை அல்ல.

பரிந்துரை எண்களின் உறுதியும் சத்துக்குச் சத்து வேறுபடுகிறது. சில எண்கள் சில மட்டக்குதிரைகளை வைத்து நடந்த குறுகிய காலச் சோதனைகளிலிருந்து வந்தவை. மாங்கனீஸ் போன்றவற்றில் பிற விலங்குகளின் எண்ணே இரவலாகப் பெறப்பட்டது. தீவனச் செலினியத்துக்குப் பிரெஞ்சு அட்டவணை அமெரிக்க எண்ணைப் போல் இரு மடங்கு பரிந்துரைப்பதும், ஜெர்மன் அட்டவணை உடல் எடையை வேறு அடிப்படையில் கணக்கிடுவதும், அறிவியல் பிழையால் அல்ல. குறை தோன்றாத கீழ் எல்லையைக் குறிப்பதா, நோயெதிர்ப்புக்கு உகந்த அளவைக் குறிப்பதா என்பதில் உள்ள வேறுபாட்டால். அட்டவணையைப் பயன்படுத்துவோருக்கு அந்த வேறுபாடு சொல்லப்படுவதில்லை என்பது வருந்தத்தக்கது.

எஞ்சி நிற்கும் கேள்விகள்

இதுவரை கண்ட சான்றுகளைச் சத்துவாரியாகப் பிரித்தால், பசும்புல் காணாத குதிரைக்கு ஈ உயிர்ச்சத்து, மண்ணோ தீவனமோ குறையுடையது என்று அளந்து அறிந்த இடத்தில் செலினியமும் அயோடினும், உலர்புல்லை முதன்மையாகத் தின்னும் சினைக்குதிரைக்குச் செம்பும் துத்தநாகமும் ஆகியவற்றைச் சேர்ப்பதற்கு நியாயமான அடிப்படை இருக்கிறது. நல்ல மேய்ச்சல் உள்ள குதிரைக்கு ஏ, டி, சி, கே உயிர்ச்சத்துகளையும் இரும்பையும் கோபால்ட்டையும் சேர்ப்பதற்கு அத்தகைய அடிப்படை காணப்படவில்லை. தையமின் எனப்படும் பி1 இடைநிலையில் உள்ளது. அதைச் சிதைக்கும் பொருள் கொண்ட பிராக்கன் பெரணியைத் தின்ற குதிரைக்கு அது உயிர்காக்கும் மருந்து, கடும் உழைப்பில் உள்ள குதிரைக்குத் தேவை கூடுகிறது, மற்றவற்றுக்குத் தீவனத்திலும் குடலிலும் கிடைப்பதே போதுமானதாகத் தோன்றுகிறது.

எனினும் இம்மதிப்பீடு பெரிதும் குளிர்நாட்டுப் புல்லையும் அங்கு வளர்ந்த இனங்களையும் அடிப்படையாகக் கொண்டது. வெப்பநாட்டில் கம்பு நேப்பியர், குதிரை மசால், சோளத்தட்டை, கொள்ளு, தவிடு ஆகியவற்றில் வளரும் குதிரையின் நிலை வேறாகலாம். ஆண்டு முழுதும் பசுந்தீவனம் அறுத்துப் போடக்கூடிய தோட்டத்தில் ஈ உயிர்ச்சத்துச் சிக்கல் எழாதிருக்க, நெல் வைக்கோலையும் தவிட்டையும் நம்பியிருக்கும் குதிரைக்கு அது கடுமையாகவே எழும். தமிழக மண்ணில் துத்தநாகக் குறை பரவலாக இருப்பது பயிர் ஆய்வுகளால் நிறுவப்பட்டது. அக்குறை அங்கு விளையும் தீவனத்தின் வழியே குதிரையின் கல்லீரல் வரை எவ்வளவு தூரம் செல்கிறது என்பது வேறு கேள்வி. தோல் டி3ஐ ஆக்குவதில்லை என்ற நியூசிலாந்து முடிவு, ஆண்டு முழுதும் கடும் வெயில் படும் நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளின் குதிரைகளுக்கும் பொருந்துமா என்பது மற்றொன்று.

இவற்றுக்கு விடை காணும் சோதனைகள் எளியவை அல்ல. குதிரை விலையுயர்ந்தது, மெதுவாக வளர்வது, ஈற்றுக்கு ஒரு குட்டியே தருவது. செம்பின் உண்மையான இருப்பை அறியக் கல்லீரலில் ஊசியிட்டுத் திசு எடுக்க வேண்டும். குளம்பின் மாற்றத்தைக் காண ஓராண்டு, எலும்பின் மாற்றத்தைக் காண இரண்டாண்டு காத்திருக்க வேண்டும். கலவை விற்போரின் உதவியில் நடக்கும் ஆய்வுகள் பெரும்பாலும் சேர்ப்பதன் பயனையே தேடுகின்றன; சேர்த்துவந்ததை நிறுத்தினால் என்ன ஆகிறது என்று நெடுங்காலம் பார்த்த ஆய்வுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. லாயங்களில் இன்று தரப்படும் கலவைகளுள் எவற்றை நிறுத்தினாலும் குதிரைக்கு ஒன்றும் நேராது என்பதை, அத்தகைய ஆய்வுகள் பெருகும்வரை அனுமானமாக மட்டுமே சொல்ல முடியும்.